ஏழு புலிகள் காவல் காக்கும் வரி

மார்ச் 3

அன்புள்ள மருமகளுக்கு,

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை நீ நம்பமாட்டாய். உன் அம்மா நம்பமாட்டாள். என் அறைக்குக் கீழே மோட்டார் பம்ப் ரிப்பேர் செய்கிறவர், இதுவரை நான் சொன்ன அத்தனையையும் தலையாட்டி நம்பி வந்த உத்தமர், அவரே இதைக் கேட்டு ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஆகவே இது யாராலும் நம்பமுடியாத கதை என்று முதலிலேயே சத்தியம் செய்துவிட்டு ஆரம்பிக்கிறேன். பிறகு என்மேல் வழக்குப் போடக்கூடாது.

நீ கேட்டிருப்பது ஒரே கேள்வி. ‘கண் ஆஸ்பத்திரி டேட்டாபேஸின் கான்ஃபிக் ஃபைலில் இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியை அப்படி வைத்தது நீங்கள்தானா? பதில் கடிதமாக வேண்டும். போனில் வேண்டாம்.’ நான் ஆண்ட அதே அறையில், நான் தேய்த்த அதே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வருடமாக வேலை பார்க்கிறாய். மாமனுக்கு நீ போட்ட முதல் கடிதம் இது. அதில் ‘நலமா’ என்ற ஒரு சொல் இல்லை. போகட்டும், நலம்தான்.

அந்த சர்வர் வந்திறங்கிய நாளைச் சொல்கிறேன். லாரியிலிருந்து இறக்க நாற்பது பேர் வந்தார்கள். நாற்பது பேருக்கும் இடுப்புப் பிடித்துக்கொண்டது. நான் ஒற்றைத் தோளில் தூக்கிப்போய் மூன்றாம் மாடியில் வைத்தேன். வைத்த வேகத்தில் கட்டடம் இடது பக்கம் ஒரு சாண் சாய்ந்தது. சுவரில் தொங்கும் எழுத்துப் பலகை கோணலாகத் தெரிகிறது என்று நோயாளிகள் சொல்வார்களே, அவர்கள் கண்ணில் கோளாறே இல்லை.

அடுத்து கான்ஃபிக் ஃபைல். அச்சடித்தால் என் அறையிலிருந்து கிளம்பி, மாடிப்படி இறங்கி, வாசல் தாண்டி, முடிதிருத்தகம் வரை போகும். முடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள் பேப்பருக்குப் பதில் அதைத்தான் படித்தார்கள். எண்ணூறு வரி. ஒவ்வொன்றும் ஒரு கேள்வி: எத்தனை பேர் ஒரே சமயத்தில் உள்ளே வரலாம், எவ்வளவு நினைவு எடுத்துக்கொள்ளலாம், எப்போது தூங்கலாம். ஒன்பது நாள் கண் இமைக்காமல் படித்தேன். இமைக்காத மனிதன் ஒருவன் மூன்றாம் மாடியில் இருக்கிறான் என்று டாக்டர்கள் மாணவர்களைக் கூட்டிவந்து டார்ச் அடித்துக் காட்டினார்கள்.

எண்ணூறு வரியில் ஒரே ஒரு வரிக்குத்தான் ஏழு புலிகளைக் காவல் வைத்தேன். சம்பளம் இல்லாத புலிகள். லீவு போடாத புலிகள். இன்றைக்கும் அங்கேயேதான் படுத்திருக்கும், போய்ப் பார்.

இரண்டு வருடம் கழித்து நான் வேலையை விட்ட அன்று ஆஸ்பத்திரியே வாசலில் திரண்டது. டைரக்டர் அழுத அழுகையில் கண் வீங்கி, சொந்த ஆஸ்பத்திரியிலேயே டோக்கன் வாங்கி வரிசையில் நின்றார். பரிசாக ஒரு தேர், இரண்டு வெண்குடை, வெள்ளியில் ஒரு மைக்ராஸ்கோப், பச்சை மூடி போட்ட ஒரு பேனா, ஒரு குதிரை. குதிரையை வைக்க இடமில்லாமல் திருப்பிக் கொடுத்தேன்.

உன் கேள்விக்குப் பதில் இதில் எங்கேயோ இருக்கிறது.

இப்படிக்கு,
உன் மாமன்,
டேட்டாபேஸ்களின் முன்னாள் சக்கரவர்த்தி

*

மார்ச் 9

மாமா,

நலமா. கேட்டுவிட்டேன்.

நான் கேட்டது ஒரு வரி. நீங்கள் அனுப்பியது நான்கு பக்கம். அதில் பதில் இல்லை. போனில் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் எழுதுவதை விசாரணைக் கோப்பில் வைக்க வேண்டும். குதிரையையும் தேரையும் எந்தக் கோப்பில் வைப்பது?

நடந்ததைச் சொல்கிறேன். விளையாட்டு இல்லை என்று அப்போதாவது தெரியும்.

பிப்ரவரி 18, காலை பதினொன்று நாற்பதுக்குக் கரண்ட் போனது. யூபிஎஸ் ஒரு மாதமாகக் கத்திக்கொண்டிருந்தது. அன்றைக்குக் கத்தாமல் செத்தது. சர்வர் அணைந்து, ஆறு நிமிடத்தில் திரும்ப எழுந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை ஆபரேஷன் தேதி வாங்க வந்தவர்களில் நாற்பத்தொரு பேரின் பெயர் பட்டியலில் இல்லை. எல்லோரும் 18ஆம் தேதி காலை பதிந்தவர்கள். அதில் ஒரு வாட்ச் ரிப்பேர்காரர். ஐந்து மாதம் காத்திருந்து அன்றைக்குத்தான் அவர் முறை வந்தது. “பேரு இல்லீங்களே” என்று சொன்னதும் அவர் கோபப்படவில்லை. “நல்லாப் பாருங்கம்மா, எனக்குத்தான் தெரியாது, உங்களுக்குத் தெரியும்ல” என்றார்.

அன்றைக்குப் பதிவு மேசையில் இருந்தது யார் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் இருந்த காலத்திலிருந்தே அதே மேசைதான். பத்தொன்பது வருடம். நாங்கள் பதிவு அக்கா என்போம். ஒவ்வொரு பெயரையும் இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் அடிப்பார். வரிசையில் நிற்பவர்கள் கேலி செய்வார்கள். நானும் மனசுக்குள் செய்திருக்கிறேன்.

அவர் பெயர்களைக் கேட்டுக்கொண்டார், ஆனால் கம்ப்யூட்டரில் அடிக்கவில்லை என்று நிர்வாகம் சொல்கிறது. அப்படிச் சொல்ல ஆதாரம் நான் கொடுத்த ரிப்போர்ட்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், கோப்புக்காக எழுதுகிறேன். கான்ஃபிக் ஃபைலில் ஹேஷ் குறி போட்ட வரியை சர்வர் படிக்காது. அது மனிதர் படிக்க. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் சர்வர் தானாக என்ன செய்யுமோ, அந்த டீஃபால்டை, ஹேஷ் போட்டுக் காட்டி வைப்பது வழக்கம். 212இல் இப்படி இருக்கிறது:

# உடனே_இறக்கு = ஆன்

அதாவது ஒரு பெயரை அடித்ததும் அது நினைவில் தொங்கிக்கொண்டிருக்காமல் உடனே டிஸ்க்கில் இறங்கிவிடும். கரண்ட் போனாலும் பெயர் போகாது. நான் அப்படித்தான் படித்தேன். ‘டேட்டாபேஸில் குறை இல்லை, பார்க்க வரி 212’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதற்கு மேல் வரியில் உங்கள் கைவண்ணம்: ‘# கீழ்க்கண்ட வரியை ஏழு புலிகள் காவல் காக்கின்றன. எழுப்புகிறவன் என்னைக் கேட்டு எழுப்பவும்.’ உங்களுக்குப் பின் அந்த அறைக்கு வந்த மூன்று பேரும் இதைப் படித்துச் சிரித்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். நானும் சிரித்தேன், உங்களை நினைத்துக்கொண்டு.

பதிவு அக்காவிடம் நானே போய்க் கேட்டேன்.

“நான் அடிச்சேம்மா. அடிச்சேன்னுதான் நெனைக்கிறேன்.”

“நெனைக்கிறீங்களா, அடிச்சீங்களா?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முன்னாடி ஒருதடவ இப்படித்தான் ஆச்சு. அப்பவும் அடிச்சேன்னுதான் நெனைச்சேன்.”

இதையும் ரிப்போர்ட்டில் சேர்த்தேன், ‘முன்பும் இவ்வாறு நடந்ததாக ஒப்புக்கொண்டார்’ என்று. விசாரணை ஏப்ரல் 3. ரிப்போர்ட் நின்றால் அவர் வேலை போகும்.

எனக்கு எட்டு வயதில், ஃபிரிட்ஜ் கதவை மூடினாலும் உள்ளே விளக்கு அணையாது, ஒரு குமாஸ்தா உட்கார்ந்து முட்டைகளை எண்ணி எழுதிக்கொண்டிருக்கிறான் என்று சொன்னீர்கள். நான் வகுப்பில் எழுந்து நின்று சொன்னேன். அந்த வருடம் முழுக்க எனக்கு முட்டை குமாஸ்தா என்று பெயர். அதற்குப் பிறகு உங்களிடம் நான் எதையும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். அந்த வரி நிஜமாகவே ஆன்தானே?

உங்கள் மருமகள்

*

மார்ச் 14

அன்புள்ள முட்டை குமாஸ்தாவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. அந்தப் பட்டம் இன்றுதான் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தால் அந்த வகுப்புக்கே வந்து, ஃபிரிட்ஜைத் தலையில் சுமந்து வந்து, குமாஸ்தாவை வெளியே இழுத்துக் காட்டியிருப்பேன்.

சட்டப்படி பதில் சொல்கிறேன். என் தெருமுனையில் ஒரு வீடு. கேட்டில் ‘நாய் ஜாக்கிரதை’ என்று பலகை. தபால்காரர் ஆறடி தள்ளி நின்று கடிதத்தை வீசுகிறார். பால்காரர் எதிர்ப்பக்கமாகவே நடக்கிறார். நான் அந்த நாயைப் பற்றி விசாரித்தேன். அது ஒரு கடியில் சைக்கிள் டயரை மூன்று துண்டாக்கிய நாய். அது குரைத்தால் மேகம் கலையும். அப்படிப்பட்ட நாய் செத்து எட்டு வருடமாகிறது. பலகை மட்டும் தொங்குகிறது. இப்போது வீட்டுக்காரர் பொய் சொன்னாரா? இல்லை. பலகை பொய் சொன்னதா? அதுவும் இல்லை, அது வெறும் தகரம். பலகையைப் பார்த்து உள்ளே நாய் இருக்கிறது என்று நம்பினது தபால்காரரின் உரிமை.

டேட்டாபேஸ் கம்பெனிக்காரன் ஒரு வரியை எழுதி, அதன் முன்னால் ஹேஷைப் போட்டு அனுப்புகிறான். எதற்கு எழுதினான்? இதுதான் டீஃபால்ட் என்று காட்டவா? இப்படியும் வைக்கலாம் என்று மாதிரிக்குக் காட்டவா? எண்ணூறு வரியில் எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பதில் டீஃபால்டைக் காட்டிவிட்டு, ஒன்றில் மட்டும் அவன் மனசு எங்கே போனதோ.

நான் பொதுவாகச் சொல்கிறேன். தத்துவமாக.

அந்தப் பதிவு மேசை அம்மாள் இன்னும் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு மேசை முழுக்கத் தேடுகிறாளா? பெயரை இரண்டு தடவை சொல்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். நான் இருந்தபோது சொல்லமாட்டாள். விறுவிறுவென்று அடிப்பாள். அவள் அடிக்கிற சத்தம் மூன்றாம் மாடிக்குக் கேட்கும். இது மிகையில்லை, அப்போது ஏசி கிடையாது, ஜன்னல் திறந்திருக்கும்.

எப்போதிருந்து இரண்டு தடவை சொல்கிறாள் என்று கேட்டுச் சொல்.

இதற்குக் கீழே நான் அடித்துவிட்ட மூன்று வரியை வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயலாதே. படித்தால் கண் போகும்.

மாமன்

*

மார்ச் 19

மாமா,

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை, நன்றாகவே அடித்திருக்கிறீர்கள். ஆனால் அடிக்காமல் விட்ட இடம் தெரிந்தது. ‘ஒன்றில் மட்டும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு வரி இருக்கிறது என்று நான் சொல்லாமலே.

ஃபைலைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் சர்வரையே நேராகக் கேட்டேன்: உடனே இறக்குகிறாயா? ‘ஆஃப்’ என்றது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். அரை நிமிட வேலை. பலகையைப் படித்துவிட்டு, கேட்டைத் திறந்து பார்க்காமல், நாய் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்ட தபால்காரி நான்.

அப்படியும் நம்பாமல், மூலையில் கிடந்த பழைய மெஷினில் அதே டேட்டாபேஸ், அதே ஃபைல் போட்டேன். நூறு பெயர் பதிந்தேன். எனக்கு வேறு பெயர் தோன்றவில்லை. புலி 1, புலி 2 என்று புலி 100 வரை. பிளக்கைப் பிடுங்கினேன். திரும்பப் போட்டபோது முப்பத்தேழு புலிகள் இருந்தன. அறுபத்து மூன்று இல்லை. ஹேஷை எடுத்துவிட்டு மறுபடி செய்தேன். நூறும் இருந்தன.

புது ரிப்போர்ட் எழுதிக்கொண்டு நிர்வாக அதிகாரியிடம் போனேன். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“இதுல ஆன். இதுல ஆஃப். நாளைக்கு என்னம்மா எழுதுவீங்க?”

“முதல்ல எழுதினது தப்பு சார்.”

“சரி, இப்ப ஆஃப். பிப்ரவரியிலயும் ஆஃப்னு எனக்கெப்படித் தெரியும்? அந்தம்மா அழுதாங்க, நீங்க எரக்கப்பட்டு இன்னிக்கு மாத்திட்டு வந்திருக்கலாம். சாவி உங்ககிட்டதான இருக்கு.”

நடுவில் மூன்று சர்வர் மாறியதில் ஃபைலின் தேதி போன வருடம் என்று காட்டுகிறது. மாற்றக்கூடிய ஒரே ஆள் நான். என் சொல்லுக்கு நானே குழி வெட்டிவிட்டேன்.

அந்த வரி ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் என்று சொல்லக்கூடியவர் ஒருவர்தான். அவர் எழுதியதை யாரும் நம்பமாட்டார்கள். என்ன ஒரு சாட்சி எனக்கு.

பதிவு அக்காவைக் கேட்டேன். பதினோரு வருடமாக இரண்டு தடவை சொல்கிறாராம். முன்பு நடந்தபோது எத்தனை பேர் விட்டுப்போனார்கள் என்றும் கேட்டேன்.

“ஏழு பேரு” என்றார்.

நாய் செத்தது உங்களுக்கு எப்போது தெரியும் மாமா?

*

மார்ச் 25

அன்புள்ள மருமகளுக்கு,

இந்தக் கடிதத்தை ஐந்து தடவை ஆரம்பித்தேன். முதல் தடவை ஒரு திமிங்கலம் வந்தது. இரண்டாம் தடவை திமிங்கலத்தை எடுத்துவிட்டேன், ஒரு சூறாவளி வந்தது. நான் பொய் சொல்ல உட்காரவில்லை, ஆனால் கை அந்தப் பழக்கத்திலேயே போகிறது. உப்பில்லாமல் சமைக்கச் சொன்னால் சமையல்காரர் திணறுவார் இல்லையா, அப்படி.

பதினோரு வருடம் முன்பு, ஜூலை 6. கரண்ட் போனது. மறுநாள் ஏழு பேர் மேசைக்கு வந்து, பெயர் இல்லை என்று நின்றார்கள். அந்த அம்மாள் மூன்று மாடி ஏறி என்னிடம் வந்தாள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, “சார், நான் அடிச்சேன் சார். ஏழு பேரையும் அடிச்சேன்” என்றாள்.

நான் ஃபைலைத் திறந்து காட்டினேன். “ஆன்னு இருக்கு பாருங்க, போக வழியே இல்ல” என்றேன். உன்னைப் போலத்தான். அதுவரைக்கும் நான் நிஜமாகவே நம்பினேன்.

அவள் போன பிறகு சந்தேகம் வந்தது. சர்வரைக் கேட்டேன். ஆஃப் என்றது.

ஹேஷை எடுத்தேன். அந்தக் காலத்து டிஸ்க், ஒவ்வொரு பெயருக்கும் முக்கி முனகியது. மேசையில் வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போனது. டைரக்டர் மேலே வந்து, கண் தெரியாதவர்களை ரோட்டில் நிறுத்துகிறாயா என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். ஹேஷைத் திரும்பப் போட்டேன். நல்ல மெஷின் வந்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மெஷின் வரவில்லை. பிறகு நான் அங்கே இல்லை.

இதுவரை சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டுவிடலாம். இனிமேல் சொல்வதற்கு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

ஏழு பேரின் பெயரையும் அன்றைக்கே, ஜூலை 7, நானே பதிந்தேன். கீழே போய் அவளிடம், “விட்டுப்போச்சு போல, பரவாயில்ல, நான் போட்டுட்டேன். யார்கிட்டயும் சொல்லல” என்றேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். மருமகளே, அப்போதே சொல்லியிருக்கலாம். தப்பு உங்களுடையது இல்லை, மேலே இருக்கிற இரும்புப் பெட்டியுடையது, அதைச் சரியாகப் படிக்காத என்னுடையது என்று. சொன்னால் கான்ஃபிக் சக்கரவர்த்திக்கு ஒரு வரி படிக்கத் தெரியவில்லை என்று ஊர் சிரிக்கும். நானே சிரிக்க வைத்தால் ரசிப்பேன். அவர்களாகச் சிரித்தால் தாங்கமாட்டேன். அப்படி ஒரு பிறவி.

புலிகளை எழுதினது அந்த வாரம்தான். ஆளுக்கொரு புலி. எனக்குப் பின் வருகிறவன் ‘என்னய்யா இது’ என்று எனக்குப் போன் செய்வான், அப்போது சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ‘இந்த வரி ஆஃப், ஜாக்கிரதை’ என்று எழுதியிருந்தால் படித்திருப்பார்கள். புலி என்று எழுதியதால் ரசித்தார்கள். ஒருத்தரும் போன் செய்யவில்லை.

உன் அதிகாரி என்னை நம்ப வேண்டியதில்லை. என் சொல்லை நானே பாதி நேரம் நம்புவதில்லை. பதிவுகளைப் பார்க்கச் சொல். அந்த வருடம் ஜூலை 7, என் லாகினில் ஏழு பெயர். அந்த மேசைப் பட்டியலில் நான் வாழ்க்கையில் பதிந்த பெயர்கள் அந்த ஏழுதான்.

விசாரணைக்கு ஒரு தனித் தாள் வைத்திருக்கிறேன். நான்கு வரி. அதை எழுதத்தான் நான்கு நாள் ஆனது. ஆனால் அவர்களிடம் கொடுப்பதற்கு முன்னால் அந்த அம்மாளிடம் காட்டு. அவளாகப் படிக்கட்டும். நீ படித்துக் காட்டாதே, உன் குரலில் என் சாடை இருக்கிறது.

மாமன்

*

ஏப்ரல் 6

மாமா,

நீங்கள் சொன்ன வரிசைப்படியே செய்தேன்.

பதிவு அக்கா உங்கள் தாளைச் சாப்பாட்டு நேரத்தில் படித்தார். மை வெளிறிப்போய்ப் பச்சைத் தண்ணீர் போல இருந்ததால் ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் படித்தார். கண்ணாடி தலைமேல்தான் இருந்தது. நான் சொன்ன பிறகு கீழே இறக்கினார். முடித்ததும் மடித்தார். திரும்பப் பிரித்து இன்னொரு தடவை படித்தார். எதையும் இரண்டு தடவைதான் அவருக்கு.

“அன்னிக்கு அவரு பரவாயில்லன்னாரு” என்றார். “எது பரவாயில்லன்னு இப்பத்தான் தெரியுது.”

நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

“நீ சும்மா இரும்மா” என்றார். “வீட்ல அடுப்ப அணைச்சேனான்னு எம்பையன் கேட்டாக்கூட எனக்கு உறுதியாச் சொல்ல வராது தெரியுமா. திரும்பப் போய்ப் பாப்பேன். பூட்டு, அடுப்பு, குழாய், எல்லாம். நமக்கு மறதின்னு நானே முடிவு கட்டிட்டேன்.”

அதற்குப் பிறகு டப்பாவை மூடிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். சாப்பாடு பாதி அப்படியே இருந்தது.

விசாரணையில் நான்கு வரியை நிர்வாக அதிகாரி சத்தமாகப் படித்தார்:

‘பதினோரு வருடம் முன்பு ஜூலை 6 அன்று கரண்ட் போனபோது பதிவு மேசையில் ஏழு பெயர்கள் அழிந்தன. அழித்தது டேட்டாபேஸ், மேசையில் இருந்தவர் அல்ல. 212ஆம் வரி ஆஃப் என்பது அன்றிலிருந்து எனக்குத் தெரியும், நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஏழு பெயர்களை மறுநாள் என் லாகினில் நானே பதிந்தேன், பார்த்துக்கொள்ளவும்.’

உங்கள் காலத்து ஸ்டோர் கீப்பர் குழுவில் இருந்தார். “இது அந்த மனுஷன் எழுதினதா? இவ்வளவு சின்னதாவா?” என்று கையெழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “குதிரை எதுவும் வரலையே” என்றார். உங்கள் கடிதம் நிஜமாக இருந்ததால்தான் நம்பவில்லை, மாமா. இது உங்களுக்குப் பெருமையா என்று எனக்குத் தெரியவில்லை.

குழுவின் முன்னாலேயே பதிவுகளைத் திறந்தேன். ஜூலை 7, உங்கள் லாகின். ஒன்று, இரண்டு என்று நான் எண்ண ஆரம்பித்தபோது பதிவு அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். முதலில் ஒரு கொத்தனார். அடுத்து தையல் டீச்சர். அண்ணன் தம்பி இரண்டு பேர், இருவருக்கும் இடது கண். பஸ் டிரைவர். பூட்டுக்காரர். கடைசியில் ஒரு கைக்குழந்தை. திரையில் இருந்த வரிசை அதேதான். அவருக்கு மறதி இல்லை என்று அதற்கு மேல் நிரூபிக்க என்ன இருக்கிறது?

அவர்மேல் குற்றம் இல்லை என்று எழுதிக் கையெழுத்தாகிவிட்டது. நாற்பத்தொரு பேருக்கும் அடுத்த வாரத்திலிருந்து முறை வருகிறது. வாட்ச் ரிப்பேர்காரருக்குத் திங்கட்கிழமை. என் முதல் ரிப்போர்ட்டில் இருந்த ‘ஒப்புக்கொண்டார்’ என்ற வரியை நீக்கச் சொல்லி நானே எழுதிக் கொடுத்தேன். எனக்கு ஒரு மெமோ. வாங்கிக்கொண்டேன், நியாயம்தான்.

212இல் ஹேஷை எடுத்துவிட்டேன். இப்போதைய மெஷினில் ஒரு வேகக்குறைவும் தெரியவில்லை. பிறகு எண்ணூறு வரியையும் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக சர்வரைக் கேட்டுச் சரிபார்த்தேன். உங்களுக்கு ஒன்பது நாள் ஆனதாமே, எனக்கு இரண்டு. இன்னும் மூன்று பலகைகளில் நாய் இல்லை.

புலிகளை இன்னும் அழிக்கவில்லை. அழிக்கலாமா என்று பதிவு அக்காவைக் கேட்டேன். “அவரைக் கேளு” என்றார். உங்களைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். மன்னித்தாரா என்று நீங்கள் கேட்கக்கூடாது, எனக்கும் தெரியாது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நேற்று மாலை மேசைப் பக்கம் போனேன். பெயரை ஒரு தடவைதான் சொன்னார். அடுத்தவருக்கு மறுபடி இரண்டு தடவை.

மருமகள்

*

ஏப்ரல் 9

அன்புள்ள மருமகளுக்கு,

புலிகளை அழித்துவிடு. வயதாகிவிட்டது அவற்றுக்கு. அந்த இடத்தில் உன் கையெழுத்துப் போல நேரான ஒரு வரி எழுது, யாரும் சிரிக்காதபடி.

இத்துடன் ஒரு சின்னப் பொட்டலம் வைத்திருக்கிறேன். அதைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் முதல் கடிதத்துக் கணக்கைத் தீர்த்துவிடுகிறேன்.

அந்த சர்வரை இரண்டு பேர் சாதாரணமாகத் தூக்கி வந்து வைத்தார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கட்டடம் சாயவில்லை. ஃபைலை முழுக்க நான் படிக்கவே இல்லை. எண்ணூறில் ஒரு முப்பது வரி படித்திருப்பேன், மீதியை அவன் எழுதி அனுப்பியபடியே விட்டேன். டாக்டர்கள் யாரும் டார்ச் அடிக்கவில்லை. நான் வேலையை விட்ட அன்று வாசலில் யாரும் திரளவில்லை. டைரக்டர் ஊரில் இல்லை. சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, டிபன் பாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றேன். தேர் இல்லை, குடை இல்லை, மைக்ராஸ்கோப் இல்லை. குதிரை இருந்திருந்தால் பஸ்ஸுக்கு ஏன் நிற்கிறேன்.

பஸ் வருகிற நேரத்தில் அந்த அம்மாள் பதிவு மேசையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ரோட்டைத் தாண்டி ஓடிவந்தாள். பதிவு ஃபாரத்தில் சுற்றிய ஒன்றை என் சட்டைப் பையில் செருகினாள். “அன்னிக்கு என்னைக் காட்டிக்கொடுக்காம விட்டீங்களே சார், அதுக்கு” என்றாள். நான் சிரித்துவிட்டு பஸ் ஏறினேன்.

ஒன்பது வருடம் அதன் மூடியைத் திறக்கவில்லை. எத்தனை பொய் எழுதியிருப்பேன், ஒன்றைக்கூட அதால் எழுதவில்லை. விசாரணைக்கான அந்த நான்கு வரிக்குத்தான் திறந்தேன். உள்ளே மை கல்லாகக் காய்ந்திருந்தது. வெந்நீரில் போட்டுப் போட்டு எடுத்து எழுதியதால்தான் அப்படி வெளிறிப்போனது.

பொட்டலத்தை அவளிடம் கொடு. செய்யாத உபகாரத்துக்கு வாங்கினது, திருப்பித் தருகிறார் என்று சொல். வாங்கினால் சரி. முகத்தில் எறிந்தாலும் சரி, பொறுக்கி நீ வைத்துக்கொள்.

முதல் கடிதத்தில் சொன்னதெல்லாம் பொய், மருமகளே. பச்சை மூடி போட்ட பேனா மட்டும் நிஜம்.

மாமன்